தெருவுக்கு முதுகு காட்டும் வீடு

கலிபோர்னியாவில் பழைய ராஞ்ச் (பண்ணைப் பாணி) வீடு விற்பனைக்கு வந்தால், படுக்கையறை எத்தனை, சதுர அடி எவ்வளவு என்றுதான் விளம்பரத்தில் போடுவார்கள். கிளிஃப் மே என்ற வடிவமைப்பாளர் கட்டிய வீடென்றால் அந்தக் கணக்கோடு நின்றுவிடக்கூடாது. அதன் மதிப்பில் பாதி, சுவர்களுக்கு வெளியே இருக்கிறது.

தெருவிலிருந்து பார்த்தால் சப்பென்றிருக்கும். ஒற்றைத் தளம், தணிந்த கூரை, நீளமான சுவர், ஒரு கதவு. அந்தக் கதவைத் தாண்டினால்தான் முற்றம். அதைச் சுற்றி ‘ப’ வடிவில் அறைகள். இங்கே காலடியைக் கவனிக்க வேண்டும். அறைத் தரையும் முற்றத் தரையும் ஏறக்குறைய ஒரே மட்டம். இறங்கப் படி கிடையாது. வீடு எங்கே முடிந்து தோட்டம் எங்கே தொடங்குகிறதென்று கால் கண்டுபிடிக்காது. தலைக்கு மேலே நன்றாக நீண்ட இறவாரம். கோடையில் உச்சி வெயிலைத் தடுக்கும். குளிர்காலத்துச் சாய்ந்த வெயிலை மட்டும் உள்ளே விடும்.

மே கட்டடக்கலை படித்தவரில்லை. சான் டியேகோவில் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தவர். அவர் செய்த மரச்சாமான்களை விலைபோகாமல் கிடந்த வீடொன்றில் போட்டுவைக்க, வீடு விற்றுப்போனது. அந்தத் தெம்பில் 1930களின் தொடக்கத்தில் வீடு கட்ட இறங்கினார். தாய்வழியில் பழைய ஸ்பானியக் குடும்பம். பச்சைமண் கல்லில் கட்டிய பண்ணை வீடுகளும் அவற்றின் தாழ்வாரங்களும் சிறுவயதிலேயே பழக்கம். படித்த கட்டடக்கலைஞர்கள் பலருக்கு அவரைக் கண்டால் இளக்காரம். எனக்கோ, படிக்காததுதான் நல்லதாயிற்று என்று தோன்றும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர்களில் ராஞ்ச் வீடுகள் வரிசை வரிசையாக முளைத்தன. பெரும்பாலானவை பெயரை மட்டும் எடுத்துக்கொண்டன. தெருவைப் பார்த்துப் பெரிய கண்ணாடி சன்னல், முன்னால் துருத்தி நிற்கும் கார் கொட்டகை. எல்லாம் தலைகீழ்.

அசல் எப்படியிருக்கும் என்பதற்கு நான் காட்டுவது வீடே அல்ல. மென்லோ பார்க்கில் ‘சன்செட்’ பத்திரிகைக்காக மே கட்டி 1951இல் திறந்த அலுவலகம். பெரிய பண்ணை வீடு போலவே கட்டினார். தோட்டத்தை வடிவமைத்தவர் நிலத்தோற்றக் கலைஞர் தாமஸ் சர்ச். நடுவே விரிந்த புல்வெளி, அதன் ஓரமாக வளைந்து செல்லும் பாத்திகள். அமெரிக்க வடமேற்கின் ஈரக் காட்டுச் செடிகளில் தொடங்கி, தென்மேற்குப் பாலைவனக் கள்ளிகள் வரை நடந்தே போய்விட முடிந்தது. 2014இல் அந்த இடத்தை விற்றார்கள். மறு வருடம் பத்திரிகை ஓக்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. பின்னாளில் அங்கே அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுப்பத் திட்டம் போட்டிருக்கிறார்கள். நில விலையைப் பார்த்தால் வியப்பில்லை.

வீடு பார்க்கப் போகிறவர்கள் சமையலறைப் பளிங்கை அப்புறம் தடவிப் பார்க்கலாம். முதலில் முற்றத்தைப் பாருங்கள். இடையில் வாங்கிய யாராவது அதை மூடி அறையாக்கியிருந்தால் சதுர அடி கூடியிருக்கும். நானாயிருந்தால் விலையைக் குறைத்துத்தான் கேட்பேன்.