மூச்சு விடாத பாட்டு, காதில் விழாத ஆல்பம்

‘பிரீத்லெஸ்’ என்று பேச்செடுத்தால் இன்றும் எதிரில் இருப்பவர் கேட்பது ஒன்றுதான்: நிஜமாகவே மூச்சு விடாமல் பாடினாரா? 1998இல் வந்த அது, சங்கர் மகாதேவனின் முதல் தனி ஆல்பம். கால் நூற்றாண்டு கடந்த பிறகும் அதைப் பற்றிய பேச்சில் மெட்டு வருவதில்லை, ஜாவேத் அக்தர் எழுதிய வரிகள் வருவதில்லை, பாடியவரின் குரல்கூட அதிகம் வருவதில்லை. நுரையீரல் மட்டும் வருகிறது. நாடு முழுவதையும் அந்த ஆல்பத்துக்குக் காது கொடுக்க வைத்தது அந்தக் கேள்வி. பல பாட்டுகள் கொண்ட ஆல்பத்தை ஒரே பாட்டாகவும், அந்தப் பாட்டை ஒரே வித்தையாகவும் சுருக்கிவிட்டதும் அதே கேள்விதான்.

வித்தைக்குப் பின்னால் இருந்த பயிற்சி மும்பையின் கிழக்குக் கோடியில் விளைந்தது. சயானில் தொடங்கிச் செம்பூர் வழியாக டிராம்பேக்குப் போகும் சாலையைச் சுற்றி, சுதந்திரத்துக்குப் பிந்தைய இருபது முப்பது ஆண்டுகளில் அணு ஆராய்ச்சி மையம், உரத் தொழிற்சாலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் என்று ஒவ்வொன்றாக எழுந்தன. அவற்றில் வேலை கிடைத்து வந்த தமிழ்க் குடும்பங்கள் செம்பூரிலும் அணுசக்தி நகரிலும் தங்கின. அவர்களுக்கு முந்தைய தலைமுறை மாட்டுங்காவில் ஏற்கெனவே வேர்விட்டிருந்தது. பிள்ளைகளுக்குப் பகலில் பள்ளி, சாயங்காலம் பாட்டு வகுப்பு. கச்சேரி கேட்க செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி, மாட்டுங்கா பக்கம் சண்முகானந்தா சபை. பொறியியல் படிப்பு வயிற்றுப்பாட்டுக்கு, சங்கீதம் மனதுக்கு என்ற கணக்கு அநேகமாக எல்லா வீடுகளிலும் இருந்தது.

1967இல் செம்பூரில் பிறந்த சங்கர் இந்தக் கணக்கின்படியே வளர்ந்தார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். சின்ன வயதிலேயே வீணை, பிறகு டி.ஆர். பாலாமணியிடம் கர்நாடக சங்கீதம், மராத்தி இசையமைப்பாளர் ஸ்ரீநிவாஸ் களேயிடம் இசைப் பயிற்சி. கணினிப் பொறியியலில் பட்டம் வாங்கி, மென்பொருள் நிறுவனத்தில் வேலையும் பார்த்தார். அந்த வேலையை விட்டுவிட்டு விளம்பரப் பாட்டுகளுக்குக் குரல் கொடுக்கப் போனதுதான் கணக்கில் இல்லாத திருப்பம்.

விளம்பர உலகம் பாடகனுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுக்கும். முப்பது நொடிக்குள் காதைப் பிடித்து இழுக்க வேண்டும். ‘இது மற்றவற்றைப் போல் இல்லை’ என்று முதல் வரியிலேயே தெரிய வேண்டும். ‘பிரீத்லெஸ்’ என்ற எண்ணம் அந்தப் பட்டறையில் பழகிய மனதுக்குத்தான் தோன்றியிருக்கும். பெயரே விளம்பர வாசகம். கேசட் உறையைப் பார்த்தவருக்குக் கேட்பதற்கு முன்பே பாட்டின் சவால் புரிந்துவிடும்.

சவாலை நிறைவேற்றிய விதம் உயர்ந்தது. இதைச் சொல்லாமல் குறைகளுக்குப் போவது நியாயமாகாது. வழக்கமான பாட்டில் பல்லவி வரும், நடுவில் வாத்தியங்கள் ஒலிக்கும், சரணம் முடிந்து மறுபடி பல்லவி வரும். இதில் அப்படித் திரும்பி வந்து நிற்க இடமே இல்லை. ஒருவரைச் சந்தித்ததும், மயங்கியதும், இழந்ததும், நினைவோடு தனியே நின்றதும் ஒரே வாக்கியமாக மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. ஜாவேத் அக்தர் செய்தது கவிஞனின் வேலை. ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லைக் கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி எழுதியிருக்கிறார். அந்தச் சொற்களைத் தாளத்தின் மேல் ஒன்றுகூட வழுக்காமல் வைத்தது சங்கரின் வேலை. அத்தனை வேகத்திலும் மெய்யெழுத்துகள் தேயவில்லை. சுருதி கீழே இறங்கவில்லை. திருப்புகழின் சந்தத்தை நாக்கில் பழகியவர்களுக்கும் கொன்னக்கோல் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் இந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்பது உடனே பிடிபடும். இந்திப் பாப் பாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாலும், உள்ளே இருந்தது செம்பூர்ச் சாயங்கால வகுப்புகளின் சாதகம்.

தமிழ் ரசிகருக்கு இந்த உத்தி முற்றிலும் புதிதும் இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1990இல் வஸந்த் இயக்கிய ‘கேளடி கண்மணி’யில் இளையராஜா இசையில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் இதைச் செய்துவிட்டார். ‘மண்ணில் இந்தக் காதல்’ பாட்டின் சரணங்கள் இடைவெளியே இல்லாமல் ஓடும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு முக்கியமான வேறுபாடு தெரிகிறது. இளையராஜாவின் பாட்டில் பல்லவி நிதானமாக மூச்சு வாங்குகிறது. அதனால் சரணம் பாயத் தொடங்கும்போது கேட்பவருக்கும் நெஞ்சு விம்முகிறது, பல்லவிக்குத் திரும்பும்போது அந்த நெஞ்சு தளர்கிறது. சங்கரின் பாட்டில் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே ஓட்டம். முதல் நிமிடத்தில் வியப்பு இருக்கிறது. இரண்டாவது நிமிடத்தில் காது அந்த வேகத்துக்குப் பழகிவிடுகிறது. அதற்குப் பிறகு ‘எப்போது விடுவார்’ என்ற எதிர்பார்ப்புதான் பாட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது.

உண்மையில் எங்கேயோ விடத்தான் செய்கிறார். நன்றாகப் பழகிய பாடகருக்கும் ஒரே மூச்சில் அரை நிமிடத்தைத் தாண்டுவது பெரும்பாடு. மூன்று நிமிடம் மனித உடம்பால் ஆகாது. ஒலிப்பதிவுக் கூடத்தில் துண்டு துண்டாகப் பாடி, மூச்சொலி விழும் இடத்தை அடுத்த துண்டால் மூடிவிடலாம். மேடையில் ஒரு சொல்லின் முடிவில் வாயைத் திறந்தபடியே சட்டென்று காற்றை இழுத்துக்கொள்ளலாம். எஸ்.பி.பி. தன் பாட்டின் ரகசியத்தை மேடைகளிலேயே உடைத்துச் சொன்னார். சங்கரும் பிற்காலத்தில் இதை மறைக்கவில்லை. ஆகவே ஏமாற்று என்று குற்றம் சாட்டுவதில் பொருள் இல்லை. சினிமாவில் நாயகன் பறப்பதைப் பார்த்துக் கயிற்றைத் தேடுகிறவருக்குப் படம் நழுவிவிடும். இங்கே சிக்கல் என்னவென்றால், ஆல்பத்தின் பெயரே கயிற்றைத் தேடச் சொல்லிவிட்டது.

அதனால் முதலில் அடிபட்டது பாட்டின் துயரம். அது பிரிவைச் சொல்லும் பாட்டு. பிரிந்தவன் பேசும்போது தொண்டை அடைக்கும், சொல் நடுவில் நிற்கும். அந்த நிறுத்தங்களை எல்லாம் விதியாகவே விலக்கி வைத்துவிட்டு ஏக்கத்தைப் பாடுவது கடினமான காரியம். ஜாவேதின் வரிகளை நிதானமாக வாசித்தால் வரும் கனம், பாட்டாகக் கேட்கும்போது பாதிதான் வருகிறது. சங்கருக்கு அந்தக் கனம் கைவராது என்பதல்ல இதன் பொருள். இரண்டே ஆண்டில், 2000இல், ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ‘என்ன சொல்லப் போகிறாய்’ பாடினார். பதிலுக்குக் காத்திருப்பவனின் தவிப்பு அங்கே வரிகளுக்கு இடையில் விழும் மௌனத்தில் இருக்கிறது. தேசிய விருது அந்தப் பாட்டுக்குக் கிடைத்தது. மூச்சை மறைத்துப் புகழ் பெற்றவர், மூச்சு கேட்கும்படி பாடி விருது பெற்றார்.

அடுத்து அடிபட்டவை ஆல்பத்தின் மற்றப் பாட்டுகள். அவற்றில் ஒன்றின் பெயரைக் கேட்டால் தலைப்புப் பாட்டை மனப்பாடமாகச் சொல்பவர்களும் விழிப்பார்கள். இதில் பாடகரைவிட அந்தக் காலத்துக்குப் பங்கு அதிகம். 1990களின் நடுவில் சேனல் வி, எம்டிவி இரண்டும் இந்தியப் பாப் இசைக்குப் புதுத் திண்ணை அமைத்துக் கொடுத்தன. அலிஷா சினாயின் ‘மேட் இன் இந்தியா’ 1995இல் வந்தது. லக்கி அலியின் ‘சுனோ’ 1996இல். மாட்டுங்காவில் வளர்ந்த ஹரிஹரன், லெஸ்லி லூயிஸோடு சேர்ந்து ‘கலோனியல் கசின்ஸ்’ கொண்டுவந்ததும் அந்த ஆண்டுதான். கேசட் விற்பதற்குத் தொலைக்காட்சியில் ஒரு பாட்டு ஓடினால் போதும் என்ற வழக்கம் அப்போது நிலைபெற்றது. ஒரு பாட்டு, ஒரு வீடியோ, ஒரு பேச்சு. ஆல்பம் என்பது அந்த ஒரு பாட்டை வைத்துக் கொடுக்கும் பெட்டி. ‘கலோனியல் கசின்ஸ்’ கர்நாடகக் கீர்த்தனையை வெளிப்படையாகவே ஆங்கிலப் பாட்டின் பக்கத்தில் உட்கார வைத்து, கேட்பவரை இசையைப் பற்றிப் பேச வைத்தது. ‘பிரீத்லெஸ்’ தன் சங்கீதத்தை உள்ளே ஒளித்துச் சாதனையை வாசலில் நிறுத்தியது.

பாட்டு பிழைத்தது. அதைப் பிறப்பித்த இந்தியப் பாப் அலை 2000களின் தொடக்கத்திலேயே வடிந்தது. எஹ்சான், லாய் இருவரோடு சங்கர் 2001இல் ‘தில் சாஹ்தா ஹை’க்கு இசையமைத்தார், சினிமாவே அவருக்கு முதன்மைக் களமாயிற்று. தலைப்புப் பாட்டு பள்ளி விழாக்களிலும் பாட்டுப் போட்டிகளிலும் தேர்வுப் பாட்டாகத் தங்கிவிட்டது. இந்த வழக்கம்தான் அதிகம் கவலைப்பட வேண்டியது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை முகம் சிவக்கச் சிவக்க அதைப் பாடி முடிக்கிறது, அரங்கம் எழுந்து கைதட்டுகிறது. இந்திச் சொற்களின் பொருள் அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா என்று யாரும் விசாரிப்பதில்லை. தொண்டையைப் பழக்குகிற ஆசிரியர், எங்கே மூச்சு எடுப்பது என்பதைத்தான் முதலில் சொல்லித் தருவார். போட்டி மேடையோ மூச்சு எடுக்காமல் இருப்பதற்கு மதிப்பெண் தருகிறது. வேகத்துக்கு நல்ல இடமும் உண்டு. சங்கர் பாடிய, 2024இல் கிராமி வென்ற ‘சக்தி’ குழுவின் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்தில், பல வாத்தியங்களுக்கு நடுவே அவருடைய குரலும் ஒன்றாகப் பாய்கிறது. கேட்டு, பதில் சொல்லி, விட்டுக்கொடுத்து ஓடுகிற வேகம் அது. தனியே ஓடிக் காட்டுகிற அவசியம் அங்கே இல்லை.

மும்பைத் தமிழருக்கு இந்த ஆல்பத்தில் இன்னொரு குறையும் தென்படும். செம்பூர்த் தமிழர் ஒருவரின் முதல் ஆல்பம் இந்தியில் வந்ததில் வியப்பில்லை. சந்தை அங்கேதான் இருந்தது. ஆனால் மும்பைத் தமிழ் என்று ஒரு பேச்சு, மராத்தியும் இந்தியும் கலந்து, தாராவியிலும் டிராம்பேயின் சீத்தா கேம்ப்பிலும் அப்போதே இருந்தது. சீத்தா கேம்ப், 1976இல் ஜனதா காலனியிலிருந்து அணு ஆராய்ச்சி மையத்துக்காக வெளியேற்றப்பட்ட மக்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம். அந்த வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடிய ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர். அணுசக்தி நகருக்கும் சீத்தா கேம்ப்புக்கும் நடந்தே போகலாம். ஒரு பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீணை வகுப்பு கிடைத்தது. மறுபக்கத்துத் தமிழுக்கு ஆல்பமும் இல்லை, சேனலும் இல்லை.

அந்தப் பேச்சு பாட்டாகி வெளியே கேட்க ராப் வர வேண்டியிருந்தது. மலேசியாவில் யோகி பி குழு 2006இலேயே ‘வல்லவன்’ ஆல்பத்தின் மூலம் தமிழ் ராப்புக்கு முகவரி எழுதிவிட்டது. தாராவியின் ‘டோப்படெலிக்ஸ்’ குழு தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் பாடியது. பா. ரஞ்சித்தின் ‘காலா’வுக்காக 2018இல் சந்தோஷ் நாராயணன் அவர்களை அழைத்த பிறகுதான் தமிழ்நாடு அவர்களைக் கேட்டது. குழுவாகப் பாடும் ராப்பில் ஒருவருக்கு மூச்சு தீரும் இடத்தில் இன்னொருவர் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொள்வார். மூச்சு தீர்வதை அங்கே யாரும் மறைப்பதில்லை. தாளமே அதை வைத்துத்தான் அமைகிறது. கர்நாடகப் பயிற்சி இல்லாத இளைஞர்கள், சங்கர் தனியாளாகத் தீர்க்கப் பார்த்த கணக்கைக் கூட்டாகத் தீர்த்துவிட்டார்கள். எனினும் அவர்களைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது ரஜினியின் படம். அவர்களுடைய சொந்த ஆல்பம் இல்லை. மும்பையில் பிறந்த தமிழ்ப் பாப் ஆல்பம் எதுவும் ‘பிரீத்லெஸ்’ அளவுக்கு நாடெங்கும் பேசப்பட்டதில்லை. தாராவியின் ராப் இளைஞர்கள் 2019இல் சோயா அக்தரின் ‘கல்லி பாய்’ மூலம் இந்தியா முழுக்கத் தெரிந்தபோதும், அந்தப் படம் பேசியது இந்தி.