பறவைகளின் பேரவையும் காதலர் நாளும்

காதலர் நாளின் தோற்றத்தை ஆராய்வோர் பலரும் உரோமாபுரியிலேயே தொடங்குவர். மன்னன் கிளாடியசின் ஆணையை மீறி வீரர்களுக்கு மறைவாக மணம் முடித்து வைத்த வேலண்டைன் பாதிரியார், அதன்பொருட்டே கொல்லப்பட்டார் என்பர். கேட்பதற்கு இனிய கதை. ஆயின், 13-ஆம் நூற்றாண்டில் யாக்கோபஸ் தொகுத்த புகழ்பெற்ற புனிதர் வரலாற்று நூலில், வேலண்டைன் பார்வையற்ற ஒரு பெண்ணுக்குக் கண்ணொளி தருகின்றார். காதலர்க்கு மணம் முடித்ததாக ஒரு சொல்லும் இல்லை. பிப்ரவரி 15-இல் உரோமர் கொண்டாடிய லூப்பர்காலியா விழாவோடு இந்நாளை இணைப்பாரும் உளர். நாள்கள் அடுத்தடுத்து வருகின்றன என்பதன்றி வலுவான சான்று அதற்கும் இல்லை.

அங்ஙனமாயின் காதல் எவ்வழி வந்தது? கவிதை வழி வந்தது என்பதே பொருத்தமான விடை. ஆங்கிலக் கவிஞர் சாசர் 1380-ஆம் ஆண்டையொட்டி 'பறவைகளின் பேரவை' என்னும் நெடும்பாட்டை இயற்றினார். வேலண்டைன் நாளன்று பறவைகள் துணை தேர்வதற்கு இயற்கை அன்னையின் முன் கூடுகின்றன. சாசருக்கு முன் இம்மரபு இருந்ததற்குச் சான்றில்லை என்று 1981-இல் ஜாக் ஒருச் என்னும் ஆய்வாளர் வாதிட்டார்.

ஆனால் அப்பாட்டின் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது. ஒரு பெண் கழுகை மூன்று ஆண் கழுகுகள் விரும்புகின்றன. ஒவ்வொன்றும் தன் காதலே பெரிது என்கிறது. வாத்தும் குயிலும் புறாவும் தத்தம் கருத்தை உரைக்க, அவையில் கூச்சல் எழுகின்றது. இயற்கை அன்னையோ, தேர்வு பெண் கழுகுக்கே உரியது எனத் தீர்ப்பளிக்கின்றாள். அது ஓராண்டு அவகாசம் கேட்கின்றது, கேட்டது கிடைக்கின்றது. மற்றப் பறவைகள் இணையோடு பறந்து செல்ல, இக்காதல் மட்டும் முடிவு பெறாமலே பாட்டு நிறைவுறுகின்றது.

சாசர் நயமாகப் புலப்படுத்திய உண்மை இதுவே: விரும்புவோன் எத்துணை உயர்ந்தவனாயினும், ஏற்பதும் மறுப்பதும் தள்ளிவைப்பதும் பெண்ணின் உரிமை.

பின்னர் 1477-இல் மார்ஜரி புரூஸ் என்னும் ஆங்கில நங்கை, சீதனப் பூசலால் தடைப்பட்டிருந்த தன் திருமணம் குறித்து ஜான் பாஸ்டனுக்கு எழுதிய மடலில், அவரைத் தன் வேலண்டைன் என விளித்தாள். பாட்டில் பிறந்த மரபு வாழ்க்கைக்குள் புகுந்துவிட்டது. 1969-இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் பொது நாட்காட்டியிலிருந்து அப்புனிதரின் நாளை நீக்கியபோதும் காதலர் நாள் மங்கவில்லை. அதன் வேர் புனிதரிடத்தில் இல்லாமையே காரணம்.

ஆகவே, இந்நாளைப் பற்றி வகுப்பில் பேச நேரும் ஆசிரியர் பாதிரியார் கதையோடு நின்றுவிடலாகாது. பெண் கழுகு கேட்ட ஓராண்டையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். காத்திருக்கத் தெரியாத காதலை அப்பாட்டு போற்றவில்லை.