நகையும் அவலமும்: ‘நம்மவர்’ காட்டும் ஆசிரியர் – மாணவர் உறவு

தோற்றுவாய்

ஆசிரியரை எள்ளி நகுதல் மாணவர்க்குப் புதியதன்று. கண்டிப்பு மிக்க ஆசிரியர்க்கு வகுப்பறையின் உள்ளே ஒரு பெயரும் புறத்தே மற்றொரு பெயரும் வழங்குதலை நாம் யாவரும் அறிவோம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரும் மின்தொடர் வண்டியில் மாணவர் கூட்டத்தின் நடுவே அமர்ந்து வரும் ஆசிரியர், குரோம்பேட்டை கடக்குமுன் தம் பட்டப்பெயரைத் தம் செவியாலேயே கேட்க நேர்வதும் உண்டு. இந்நகை எவ்வெல்லைவரை நகையாக நிற்கும், எவ்விடத்தே கொடுமையாகத் திரியும் என்பது சிந்தித்தற்குரியது. இவ்வினாவை எழுப்பிய தமிழ்த் திரைப்படங்களுள் கே. எஸ். சேதுமாதவன் இயக்கத்தில் 1994ஆம் ஆண்டு வெளிவந்த ‘நம்மவர்’ குறிப்பிடத்தக்கது. அதன் நிறைகுறைகளை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரபும் நகையும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நான்கு நிலைக்களன்கள் கூறுவர். அவற்றுள் எள்ளலும் இளமையும் ஈண்டுக் கருதத்தக்கன. எள்ளலுக்கு உரை வகுத்த பேராசிரியர், பிறரைத் தான் எள்ளுதல், பிறரால் தான் எள்ளப்படுதல் என்னும் இருநிலையினையும் கொள்வர். வகுப்பறை நகையில் இவ்விரண்டும் உள. எள்ளுவோனை மட்டும் காட்டி எள்ளப்படுவோனை மறைக்கும் கலை பாதி உண்மையையே கூறுவதாகும்.

நகை அவலத்தில் முடிதலும் நமக்குப் புதுவதன்று. வீரமாமுனிவர் இயற்றிய ‘பரமார்த்த குருவின் கதை’யை 1822ஆம் ஆண்டு பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் வெளியிட்டார். குருவின் பேதைமையும் சீடர் ஐவரின் மடமையும் நம்மை இடையறாது நகைப்பிக்கின்றன. கதையோ குருவின் சாவில் முடிகின்றது. எனினும் ஆங்கு எவரும் பிறர்க்குத் தீங்கு எண்ணினாரல்லர். எண்ணிச் செய்த தீங்கே நகையாக உருக்கொண்டு உலவுவது ‘நம்மவர்’ காட்டும் உலகம்.

முற்பகுதியும் பிற்பகுதியும்

ஒழுங்கு குலைந்த கல்லூரி ஒன்றிற்கு வரலாற்றுப் பேராசிரியராகவும் துணை முதல்வராகவும் வருகின்றார் செல்வம். அப்பாத்திரத்தில் கமல்ஹாசன் நடித்துள்ளார். கல்லூரியைத் தன் கைப்பிடிக்குள் வைத்திருக்கும் ரமேஷ் என்னும் மாணவனாகக் கரண் தோன்றுகின்றார். முற்பகுதி குறும்பும் கேலியும் நிரம்பியது. பேராசிரியர் பிரபாகர ராவின் மகள் நிர்மலா தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்ளும் இடத்தில் படம் திரும்புகின்றது.

தாம்பரத்தை அடுத்த கல்லூரி ஒன்றில் முதுகலை மாணவர்க்கு இப்படத்தைக் காட்டியபொழுது, முற்பகுதியில் அவை குலுங்கிச் சிரித்தது. நிர்மலாவின் இறப்பிற்குப்பின் எவரும் வாய்திறந்திலர். படம் முடிந்தபின் மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, முன்னே நாங்கள் எதற்காகச் சிரித்தோம்?” என்றாள். இப்படத்தின் வெற்றி அவ்வொரு வினாவில் அடங்கியுள்ளது எனலாம். காண்போரை முதலில் எள்ளுவோர் பக்கம் அமர்த்திப் பின்னர் எள்ளப்பட்டோர் வீட்டிற்கு அழைத்துச் செல்கின்றார் இயக்குநர்.

பிரபாகர ராவாக நடித்த நாகேஷ் ஈண்டுத் தனித்து நோக்கற்குரியவர். தமிழ் மக்களைப் பல்லாண்டு சிரிக்கவைத்த முகம் அது. மகளின் உடலருகே அவர் நிலைகுலைந்து பேசும்பொழுது, சிரித்துப் பழகிய நம் கண்ணுக்குச் சிரிப்பதா அழுவதா என்னும் மயக்கம் ஒரு நொடி உண்டாகின்றது. அடுத்த நொடி நாணம் மேலிடுகின்றது. வாய்விட்டு அலறும் நடிப்பு இவ்விளைவைத் தந்திராது. சிறந்த துணைநடிகர்க்கான தேசிய விருதினை இப்பாத்திரம் அவர்க்குப் பெற்றுத் தந்தது. படமும் அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படமாகத் தேசிய விருது பெற்றது.

குறைகள்

நிறைகளைக் கூறிய நாம் குறைகளையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். முதலாவது, செல்வத்தின் கண்டிப்பு ஒரோவழிக் கைவலிமையை நாடுகின்றது. மாணவரோடு சேர்ந்து கல்லூரியைத் தூய்மை செய்யும் ஆசிரியர் நம் உள்ளத்தைக் கவர்கின்றார். அடித்து அடக்கும் ஆசிரியர்க்கோ அரங்கில் கையொலி எழுகின்றது. முரடனை வெல்ல அவனினும் வலிய கை வேண்டும் எனின், கல்வி வென்றது யாங்ஙனம்? தொடக்கக் கல்வி பயிலும் பிள்ளைகளுக்கு உடல் தண்டனையை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விலக்கியது. சட்டம் விலக்கியதைத் திரைக்குக் கிடைத்த கையொலி மீண்டும் விரும்பத்தக்கதாக ஆக்குதல் கூடாது.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. நிர்மலாவின் இறப்பு தந்தையின் துயரமாகவும் செல்வத்தின் சினமாகவும் கல்லூரியின் படிப்பினையாகவும் பயன்படுகின்றது. அவள் உள்ளத்தில் நிகழ்ந்தது யாது என்பதற்குப் படம் போதிய இடம் தந்திலது. கே. பாலசந்தரின் ‘நூற்றுக்கு நூறு’ (1971) இதனோடு ஒப்பிடத்தக்கது. ஆங்குக் கணிதப் பேராசிரியர்மீது மாணவியர் சுமத்தும் பழி பொய் என நிறுவப்படுகின்றது. தனியொருவர் கதையாக அது பொருந்தலாம். எனினும் ஒரு படத்தில் பெண்ணின் சொல் பொய்யாகின்றது. மற்றொன்றில் அச்சொல் எழுமுன்னரே அவள் மறைகின்றாள். தனக்கு நேர்ந்ததைத் தானே உரைத்து, அவ்வுரை மெய்யெனக் கொள்ளப்படும் மாணவி இவ்விரு படங்களிலும் இலள்.

முடிவுரை

ஆசிரியரிடம் மாணவன் தீக்காய்வானைப் போல, மிக நெருங்காமலும் மிக அகலாமலும் ஒழுகவேண்டும் என்பது நன்னூலார் கருத்து. அவ்வுவமை நமக்கும் ஒரு கடமையை உணர்த்துகின்றது. குளிர்ந்து கிடக்கும் தீயால் எவர்க்கும் பயனில்லை. சுடும் தீயை எவரும் அணுகார். ‘நம்மவர்’ மாணவர் நகையின் எல்லையை நன்கு காட்டிற்று. ஆசிரியர் கண்டிப்பின் எல்லையை அவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை. அன்று அம்மாணவி கேட்ட வினாவிற்கு யான் உடனே விடை கூறினேனல்லேன். எதற்காகச் சிரித்தோம் என மாணவர் வினவுவது போல, எதற்காகக் கடிந்தோம் என ஆசிரியராகிய நாமும் நம்மை வினவிக்கொள்ளுதல் வேண்டும்.