மாப்பிள்ளையைத் தின்னும் பூச்சி

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு சௌகரியம்: ழான் ஆன்ரி ஃபாப்ர் எழுதிய பூச்சி நினைவுகளைப் பிரெஞ்சிலேயே படிக்கலாம். 1827-ல் தொடங்கிய ரொமேன் ரோலண்ட் நூலகத்தில் தேடிப் பாருங்களேன். 1879 முதல் 1907 வரை வந்த பத்து பாகம். கும்பிடுபூச்சியைக் கம்பிவலைக் கூண்டில் வளர்த்து, வெட்டுக்கிளி போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதியிருக்கிறார் மனுஷர். துப்பறியும் கதை தோற்கும்.

இரண்டே வாரத்தில் ஒரு பெண் ஏழு ஆண்களைத் தின்றதாம்! இங்கேதான் எனக்கு வழக்கு. கூண்டுக்குள் மாப்பிள்ளை எங்கே ஓடுவார்? புதரில் நடப்பது தெரியாது என்று ஃபாப்ரே ஒப்புக்கொள்கிறார். அந்த வரியை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டோம். 1980-களில் சீன இனத்துக்கு வயிறு நிறையத் தீனி போட்டு முப்பது ஜோடிகளைப் படம் பிடித்தார்கள். ஒரு ஆண்கூடச் சாகவில்லை. பாதிக் குற்றவாளி பசிதான்.

ஐரோப்பாவில் ஆசையாக வாங்கி வளர்க்கிற 'வயலின் மாண்டிஸு'க்குப் பிறந்த வீடு நம் தென்னிந்தியாவும் இலங்கையும். தீனி சரியாக இருந்தால் ஒரே கூண்டில் பல பூச்சிகள் பெரும்பாலும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தும். ஃபாப்ருக்கு இது கிடைத்திருந்தால் கும்பிடுபூச்சிக்கு இந்தக் கெட்ட பெயர் வந்திருக்குமா?

அவசியம் படியுங்கள். படித்துவிட்டுக் கூண்டு வாங்காதீர்கள். செடிப் பக்கம் போய்ப் பாருங்கள்.