எஞ்சினை மாற்றலாமா, வேண்டாமா? ஃபோர்ஸா ஹொரைசன் 5: ஒரு சோதனை ஓட்டம்

கார் பந்தய விளையாட்டு ஆடும் பையன்களிடம் பேச்சுக் கொடுத்தால் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விக்குத்தான் வருவார்கள்: "இந்த வண்டிக்கு எந்த எஞ்சின் போட்டா பறக்கும்?" ஃபோர்ஸா ஹொரைசன் 5-இல் அதற்கு நேரடிப் பதில் கிடையாது. இந்த விளையாட்டின் அழகே அதுதான்.

2021 நவம்பரில் எக்ஸ்பாக்ஸுக்கும் கணினிக்கும் வந்தது. 2025 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5-க்கும் வந்துவிட்டது. களம் மெக்சிகோ. கணினியில் ஆட 110 ஜிபி இடமும், குறைந்தபட்சம் 8 ஜிபி ரேமும், ஜிடிஎக்ஸ் 970 அளவிலான கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். எங்கள் களம்பூர் மாதிரி ஊரில் ராத்திரி டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்கப் போவதே உத்தமம்.

எஞ்சின் மாற்றும் வசதி, அப்கிரேடு பகுதியில் 'கன்வெர்ஷன்' தலைப்பின் கீழ் இருக்கிறது. அங்கே போகுமுன் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் பிஐ என்று ஒரு திறன் மதிப்பெண் உண்டு. 500 வரை டி வகுப்பு, 600 வரை சி, 700 வரை பி, 800 வரை ஏ, 900 வரை எஸ்1, 998 வரை எஸ்2. நீங்கள் சேர்க்கும் குதிரைசக்தி, டயர், எடைக்குறைப்பு எல்லாம் இந்த ஒரே பட்ஜெட்டில்தான் அடங்க வேண்டும். எஞ்சினுக்கே எல்லாவற்றையும் கொட்டினால் டயருக்கு மிச்சம் இருக்காது.

சோதனைக்கு எடுத்தது 1994 மாஸ்டா எம்எக்ஸ்-5. சின்ன வண்டி, 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர். எடை சுமார் ஒரு டன். இதில் வி8 எஞ்சினை ஏற்றினால் நேர்ரோட்டில் ஆளையே சீட்டோடு அழுத்துகிறது. சத்தமும் அடியோடு மாறிவிடுகிறது. ஆனால் வாங்குமுன் திரையில் வரும் எண்களைப் பாருங்கள்: குதிரைசக்தி ஏறும்போது எடையும் ஏறுகிறது, முன்பக்கப் பாரத்தின் சதவீதமும் கூடுகிறது. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மூக்கு வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகிறது. வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாலும் பின்சக்கரம் வழுக்குகிறது. ஏ வகுப்பில் வளைவு நிறைந்த பாதையில், பழைய எஞ்சினையே மெருகேற்றி நல்ல டயர் போட்ட எம்எக்ஸ்-5தான் ஓட்டுவதற்கு இதமாக இருந்தது.

அடுத்தது கியர்பாக்ஸ். அரிசி ஆலையில் பெரிய மோட்டாரைப் போட்டுவிட்டுப் பழைய புல்லியையே விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று நம் ஊர் மில்லில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். இங்கேயும் அதே கதைதான். குறைந்த ஆர்பிஎம்மில் முறுக்குவிசை தரும் எஞ்சினுக்கு, அதிக ஆர்பிஎம்முக்காக அமைத்த பல்சக்கரம் பொருந்தாது. கடைசி கியரிலேயே வேகம் முட்டிக்கொள்ளும். ஸ்போர்ட் கியர்பாக்ஸில் ஃபைனல் டிரைவை மட்டும் மாற்றலாம். ரேஸ் கியர்பாக்ஸில் ஒவ்வொரு கியரையும் தனித்தனியாகச் சரிசெய்யலாம். எஞ்சின் விலையோடு இதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். பழைய எஞ்சினுக்கு வாங்கிய டர்போ, கேம்ஷாஃப்ட் எதுவும் புதியதற்கு வராது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆறுதல் ஒன்று உண்டு: பிடிக்காவிட்டால் பழைய எஞ்சினைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம், வாங்கிய எஞ்சின் அந்த வண்டிக்கு உங்களுடையதாகவே இருக்கும். ரோட்டில் ஓடும் வண்டியில் இந்தச் சலுகை இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை இஷ்டத்துக்குத் திருத்த விடாது.

நிறை: வாங்குமுன்பே எல்லா எண்களையும் காட்டும் திரை, எஞ்சினுக்கு எஞ்சின் மாறும் சத்தம். குறை: இந்த பிஐ கணக்கைப் புதியவர்களுக்கு விளையாட்டு பொறுமையாகச் சொல்லித்தருவதில்லை, தட்டுத்தடுமாறித்தான் பிடிபடுகிறது.

தீர்ப்பு இதுதான். ஏ வகுப்பு வரை, வளைவான பாதை என்றால், முதலில் டயர், எடைக்குறைப்பு, பிரேக், எஞ்சின் கடைசியில். எஸ்1, எஸ்2 வகுப்புக்கு ஒரு சின்ன வண்டியை ஏற்ற வேண்டுமென்றாலோ, டிரிஃப்ட் ஆட வேண்டுமென்றாலோ தாராளமாக மாற்றுங்கள். கனமான எஞ்சினோடு வரும் வண்டிக்கு லேசான எஞ்சின் கிடைத்தால், எந்த வகுப்பானாலும் அதை ஒரு முறை போட்டுப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ரைவல்ஸ் பகுதிக்குப் போய், ஒரே பாதையில் இரண்டு எஞ்சினையும் ஓட்டி நேரத்தை ஒப்பிடுங்கள். சத்தத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.