எண்ணமே வாழ்வா?

எம்.ஆர்.எம். அப்துற் றஹீமின் ‘எண்ணமே வாழ்வு’ எங்கள் வீட்டில் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று வாப்பா வாங்கியது. அட்டை போய், ஓரமெல்லாம் பூச்சி அரித்துவிட்டது. மற்றது மாணவர்களுக்கு இரவல் கொடுக்கவென்றே நான் வாங்கியது. உயர்தரப் பரீட்சையில் முதல் தடவை கோட்டை விட்டு, உக்குவளையில் வாப்பாவின் கடையில் மிளகு நிறுத்துக்கொண்டிருந்த நாட்களில் அந்தப் பழைய பிரதியை வாசித்தேன். ‘நான் உருப்படமாட்டேன்’ என்ற நினைப்பை அது என்னிடமிருந்து இறக்கி வைத்தது. மறுபடி எழுதினேன், தமிழில் சிறப்புப் பட்டம் வரை போனேன். அந்த நன்றிக்கடனோடுதான் இந்தக் குறையையும் சொல்கிறேன்.

1922இல் தொண்டியில் பிறந்த றஹீம், சென்னையில் யுனிவர்சல் பப்ளிஷர்ஸை நடத்தியவர். இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தைத் தந்த அதே கைதான் ‘வாழ்வது ஒரு கலை’யையும் எழுதியது. தன்முன்னேற்ற எழுத்து இன்று சந்தைச் சரக்காகிவிட்டது. அவரிடம் அது வீட்டு மூத்தவர் திண்ணையில் உட்கார்ந்து தம்பிக்குச் சொல்கிற பேச்சு. பண்டிதத் தமிழும் இல்லை, கொச்சையும் இல்லை. வசனம் எழுதப் பழகும் பிள்ளைக்கு அவரை வாசிக்கக் கொடுங்கள் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

போன வருடம் ஒரு பையனுக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். கெட்டிக்காரன், ஆனால் அடிக்கடி வரமாட்டான். இரண்டு கிழமை கழித்துக் கேட்டேன்.

“வாசிச்சன் சேர். நல்ல புத்தகம். ரெண்டு நாள் நல்ல சந்தோசமா இருந்த. பொறகு வாப்பா மிளகு ஆயக் கூட்டிக்கிட்டுப் போன.”

அவன் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திரும்பப் புரட்டினேன். றஹீம் காட்டும் மனிதர்கள் பெரும்பாலும் வென்றவர்கள். வறுமையில் பிறந்தார்கள், பார்வையை மாற்றினார்கள், உயர்ந்தார்கள். அதே போல் நினைத்தும் உயராமல் போனவன் அங்கே வருவதில்லை. அதனால் துன்பப்படுகிறவன் தன் எண்ணத்தில்தான் கோளாறு என்று முடிவுகட்ட இடமிருக்கிறது. எனக்கு அந்த நூல் பலித்ததற்கு, அந்த வருடம் வாப்பா என்னைக் கடையிலிருந்து விடுவித்ததும் ஒரு காரணம். அதை இத்தனை வருடமாக நான் கணக்கில் எடுக்கவே இல்லை!

நம் மேடைகளிலும் இதே சாய்வு உண்டு. சூறா அர்-ரஃதின் 11ஆம் வசனத்தை, தன்னை மாற்றிக்கொள்ளாதவனின் நிலையை அல்லாஹ் மாற்றமாட்டான் என்று ஒற்றை ஆளுக்குரிய புத்திமதியாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே இருக்கும் சொல் ‘கௌம்’, அதாவது ஒரு சமூகம். மிளகுக் காலத்தில் வகுப்பறை காலியாவது ஒரு பிள்ளையின் எண்ணக் குறையல்ல, ஊரின் சங்கதி.

இமாம் கஸ்ஸாலியையும் பாருங்கள். மகிழ்ச்சிக்கு மனிதன் தன்னை அறிவதே தொடக்கம் என்று ‘கீமியாயே ஸஆதத்’தில் விரித்தவர் அவர். 1095இல் பக்தாத் நிஸாமிய்யாவின் பேராசிரியப் பதவியையே விட்டு வெளியேறினார். பார்வை மாற்றத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஆனால் ‘அல்முன்கித்’தில் இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறார்: செல்வத்தைப் பகிர்ந்து கொடுக்கும்போது, பிள்ளைகளின் சீவனத்துக்குப் போதியதை ஒதுக்கி வைத்தாராம். அகம் மாறிய அந்த நேரத்திலும் அடுப்பை மறக்கவில்லை. றஹீமின் நூலில் நான் தேடியது அப்படியொரு பக்கத்தைத்தான்.

இப்போது நாங்கள் மூன்று ஆசிரியர்கள் மஃரிபுக்குப் பிறகு மத்ரஸாவில் வகுப்பு நடத்துகிறோம். பன்னிரண்டு பேர் வருகிறார்கள். அந்தப் பையனும் வருகிறான், விரலெல்லாம் மிளகுக் கறையோடு, பாதி நாள் தூங்கி விழுந்துகொண்டு.