எக்ஸ்பாட் வழிகாட்டிகளில் இல்லாத பிஷ்கெக்

கிர்கிஸ்தானுக்கு வேலைக்குப் போகும் வெளிநாட்டவர்களுக்காக எழுதப்படும் வழிகாட்டிக் கட்டுரைகளைக் கொஞ்ச காலமாகச் சேர்த்துவைத்துப் படித்துவருகிறேன். தலைநகர் பிஷ்கெக்கில் சனி ஞாயிறை எப்படிக் கழிப்பது, யாரோடு பழகுவது என்று சொல்லித்தரும் கட்டுரைகள். பத்து படித்தால் பதினொன்றாவதை நாமே எழுதிவிடலாம். முதலில் நல்ல காபி கிடைக்கும் இடங்கள். அடுத்து பார், கரோக்கே. பிறகு ஜிம், யோகா. அப்புறம் அலா-அர்ச்சா மலைப்பூங்கா, குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, கோடையில் இசிக்-குல் ஏரி. கடைசியில், உள்ளூர் மக்கள் விருந்தோம்பலுக்குப் பெயர்போனவர்கள் என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

சரி, இதுல என்ன தப்பு? தகவலில் பெரிய தப்பு எதுவும் இல்லை. ரஷ்ய மொழியும் தெரியாமல் கிர்கிஸ் மொழியும் தெரியாமல் வந்து இறங்குகிறவருக்கு முதல் மாதத்தில் இந்தப் பட்டியல் பெரிய உதவி. மலையைப் பற்றி அவர்கள் உற்சாகமாக எழுதுவதும் நியாயம்தான். குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்க எரிக்கும் நிலக்கரிப் புகை நகரத்தின் மேல் அப்படியே படுத்துக்கிடக்கும். நாற்பது கிலோமீட்டர் தெற்கே போனால் அலா-அர்ச்சா. அங்கே போய் மூச்சு விட்டுவிட்டு வருவதே ஒரு பொழுதுபோக்கு. உள்ளூர்க்காரர்களும் வெளிநாட்டவர்களும் ஒரே பேருந்தில் ஏறிப்போகும் வார இறுதி மலையேற்றங்களும் உண்டு. இந்தக் கட்டுரைகளில் உருப்படியான பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

என் குறை வேறு. இந்தக் கட்டுரைகள் எல்லாமே ‘எங்கே போகலாம்’ என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்கின்றன. ஒரு ஊரில் மனுஷன் தனியாகிப் போகிறானா இல்லையா என்பதை அந்தக் கேள்வி தீர்மானிப்பதில்லை.

குளியலறை விஷயத்தை எடுத்துக்கொள்வோம். பிஷ்கெக் சோவியத் காலத்தில் ஃப்ரூன்ஸே என்ற பெயரில் இருந்த நகரம். ஓய்வு என்பது அரசு கட்டிக்கொடுக்க வேண்டிய பொதுச்சொத்து என்ற எண்ணத்தில் அன்று கட்டியவை இன்னும் நிற்கின்றன: ஓப்பரா-பாலே அரங்கம், சர்க்கஸ், சிற்பங்கள் நிறைந்த ஓக் பூங்கா, இசிக்-குல் கரையின் சானடோரியங்கள், ஜிர்கால் என்ற பொதுக் குளியல்கூடம். வழிகாட்டிகள் இவற்றை ‘சோவியத் விநோதங்கள்’ என்ற தலைப்பில் போட்டு, ஒருமுறை பார்த்துவிட்டு வாங்க என்கின்றன. ஒருமுறை போனால் அது விநோதம்தான். வாராவாரம் போகிறவர்களுக்கு அது வேறு. பான்யா எனப்படும் நீராவிக் குளியலில் இலைக்கொத்தை வைத்து முதுகில் அடிப்பார்கள். தன் முதுகில் தானே எவ்வளவு அடித்துக்கொள்ள முடியும்? பக்கத்தில் ஒரு ஆள் வேணும். நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்று எழுதுகிற கட்டுரை இதை எழுதுவதில்லை.

அடுத்தது அந்த விருந்தோம்பல் வரி. கிர்கிஸ் வீட்டில் விருந்தாளியை வாசலுக்கு எதிரே உள்ள இடத்தில் உட்காரவைப்பார்கள். அந்த இடத்துக்கு ‘தோர்’ என்று பெயர். தேநீர்க் கிண்ணத்தை நிரப்பித் தரமாட்டார்கள். நிரப்பிக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று சொன்ன மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எலும்போடு வரும் இறைச்சித் துண்டுகள் வயதுக்கும் மரியாதைக்கும் ஏற்றபடி பங்காகும். மிஞ்சியதை ‘கெஷிக்’ என்று கட்டிக்கொடுத்து அனுப்புவார்கள். இதையெல்லாம் ஒரு அனுபவமாக ரசித்து எழுதிய பயணக்கட்டுரைகள் நிறைய உண்டு. ஆனால் விருந்துக்குப் போனவன் திருப்பி என்ன செய்யணும் என்ற கேள்வியை அவற்றில் தேடித்தான் பார்க்கணும்.

அந்தக் கேள்விக்கு அங்கே திட்டமான ஏற்பாடே இருக்கிறது. ‘ஷெரினே’ என்று ஒரு வழக்கம். நண்பர்களோ, கூடப் படித்தவர்களோ, சொந்தக்காரர்களோ முறைவைத்து ஒவ்வொருவர் ஏற்பாட்டில் கூடிச் சாப்பிடுவது. இன்று உன் வீடு, அடுத்த முறை என் வீடு. இதோடு ஒட்டிக்கொண்டு வருவது ரஷ்ய மொழியில் ‘கறுப்புக் கல்லா’ என்று அழைக்கப்படும் பணச்சுற்று. எல்லோரும் ஒரே தொகையைப் போடுவார்கள், ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார், அடுத்த மாதம் இன்னொருவர். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். நம்ம ஊர் சீட்டுதான்.

சீட்டு நடத்தினவர்களுக்குத் தெரியும், அதில் சேர முதல் தகுதி பணம் இல்லை. கடைசி மாதம் வரைக்கும் இந்த ஆள் ஊரில் இருப்பார் என்ற நம்பிக்கை. இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்து, நடுவில் மூன்று மாதம் விடுமுறையிலும் வேறு நாட்டுப் பணியிலும் போய்விடுகிற எக்ஸ்பாட் இதில் எங்கே சேர்வது? பிஷ்கெக்கில் உள்ளூர் நட்பு ஆழமாக அமைவதில்லை என்று வழிகாட்டிகள் சில சமயம் அலுத்துக்கொள்ளும். அதற்குக் காரணமாக மொழியைச் சொல்லும், பண்பாட்டைச் சொல்லும். காலத்தைச் சொல்லாது. பழக்கம் என்பதே முறை வந்தால் திருப்பிச் செய்வது என்று இருக்கிற ஊரில், முறை வருவதற்குள் கிளம்பிவிடுகிறவன் எப்போதும் விருந்தாளியாகத்தான் இருக்கமுடியும்.

இங்கேதான் எனக்கு இந்த எழுத்துவகை மேல் உண்மையான கோபம் வருகிறது. அப்படியானால் நீண்ட காலம் தங்குகிற வெளிநாட்டவர் யார்? மருத்துவம் படிக்கப் போகும் மாணவர்கள். இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஆயிரக்கணக்கில் போகிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. ஐந்தாறு வருடம் அங்கேயே இருக்கிறார்கள். தூதரகத்திலும் தொண்டு நிறுவனத்திலும் இருப்பவர்களைவிட அதிக காலம். ஆனால் நான் படித்த எந்த வழிகாட்டியிலும் இவர்கள் எக்ஸ்பாட் கணக்கில் வரவில்லை. 2014-ல் மூடப்பட்ட அமெரிக்க விமானத்தளத்துச் சிப்பாய்களைப் பற்றி நினைவுக்குறிப்பு இருக்கும். 2022 செப்டம்பரில் படைக்கு ஆள்திரட்டல் அறிவிப்பு வந்ததும் கிளம்பி வந்த ரஷ்யர்களைப் பற்றி ஒரு பத்தி இருக்கும். விடுதியில் ஆறு பேர் சேர்ந்து சோறு வடித்து, மொபைலில் கிரிக்கெட் பார்க்கும் பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லாத மாதிரி எழுதுகிறார்கள்.

2024 மே 17 இரவு நடந்தது நினைவிருக்கும். சில நாட்களுக்கு முன்பு உள்ளூர் இளைஞர்களுக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் நடந்த அடிதடியின் காணொளி பரவி, பிஷ்கெக்கில் கும்பல் கூடியது. அந்த அடிதடியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத தெற்காசிய மாணவர்கள் தங்கியிருந்த விடுதிகளுக்குள்ளும் புகுந்தார்கள். பலர் காயப்பட்டார்கள். வெளியே வராதீர்கள் என்று இந்தியத் தூதரகமும் பாகிஸ்தான் தூதரகமும் அறிவிக்க வேண்டியிருந்தது.

அந்தப் பையன்கள் அக்கம்பக்கத்தில் பழகியிருந்தால் இது நடந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அடிபட்டவன் மேலேயே பழியைப் போடுவது. ஆனால் அந்த இரவில் கதவைப் பூட்டி விளக்கை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு, போன் பண்ணிக் கேட்க அதே தெருவில் ஒரு அக்கா, ஒரு பெரியவர் இருந்தாரா என்பது சின்ன விஷயம் இல்லை. பொழுதுபோக்கு என்று நாம் லேசாகச் சொல்லும் விஷயத்தின் கனம் அப்போதுதான் தெரிகிறது.

ஆகவே பிஷ்கெக்கைப் பற்றி யாராவது அடுத்த வழிகாட்டியை எழுதப்போனால், காபிக்கடைப் பட்டியல் இருந்துவிட்டுப் போகட்டும். கூடவே சில வரிகள் சேர்க்கச் சொல்வேன். ஒரே பான்யாவுக்கு ஒரே கிழமையில் போங்க. ஒரே கடையில் ரொட்டி வாங்குங்க, அந்த அம்மாவிடம் நாலு வார்த்தை கிர்கிஸில் பேசுங்க. விருந்துக்குக் கூப்பிட்டால் போங்க, அடுத்த மாதம் நீங்க கூப்பிடுங்க. விடுதி அறையாக இருந்தாலும் பரவாயில்லை, சோறும் சாம்பாரும் போதும். எத்தனை வருடம் இருப்பீர்கள் என்று யாராவது கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லுங்க. சீட்டில் சேர்த்துக்கொள்ளலாமா என்று பார்ப்பதற்காகக்கூட அவர்கள் கேட்டிருக்கலாம்.